பட்டணங் கோயிலைத் தேடி

கும்பினியார் காலத்தை மாணவர்களுக்குப் போதித்துக்கொண்டிருந்தோம். சூரத்து, மசூலிப்பட்டினம், சென்னை என ஆங்கிலேயரின் பண்டசாலைகளை வரிசைப்படுத்திக் கூறி, “1639ஆம் ஆண்டிலே பிரான்சிஸ் டே என்பவர் நாயக்க அதிபதியுடன் பேசிச் சென்னையில் நிலம் பெற்றார்” என்று முடித்தோம். பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “அவை ரெண்டு பேரும் எந்தப் பாஷையிலை கதைச்சவை, சேர்?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது, நாமும் சேர்ந்து சிரித்தோம். அடுத்த பாடத்திற் கூறுவதாகச் சொல்லி முடிக்கவும் மணி அடித்தது எமது நல்லகாலம்.

இருபது ஆண்டுகளாக அந்த வாக்கியத்தை மாற்றமின்றிச் சொல்லி வந்திருக்கிறோம். நிலம் கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் நடுவே மூன்றாவது மனிதர் ஒருவர் நின்றிருக்க வேண்டும் என்பது எமக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அவரைத் தேடும் வாய்ப்பு, உறவினர் வீட்டுத் திருமணமொன்றை முன்னிட்டுச் சென்னைக்குப் பிரயாணமானபோது கிட்டியது. பலாலியிலிருந்து விமானம் எழுந்ததும் எமது ஊரின் பனங்கூடலும் கடற்கரையும் ஒரு கணம் தெரிந்து மறைந்தன. 1990ஆம் ஆண்டு, எமக்குப் பத்து வயதாயிருந்தபோது, அவ்வூரார் அனைவரும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினர். பிள்ளையார் கோயிலின் எழுந்தருளி விக்கிரகத்தைச் சால்வையிற் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி குருக்கள் ஐயா எமக்கு முன்னே நடந்த காட்சி இன்னும் மறக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊர் எவரும் கால்வைக்க முடியாத வலயமாகக் கிடந்தது. காணி விடப்பட்டபின் சென்று பார்த்தபோது கோயிலிருந்த இடத்தில் பற்றையும் ஓர் ஆலங்கன்றுமே நின்றன. இப்பொழுது புதிதாக அத்திவாரமிட்டுக் கட்டிவருகிறோம். வருகிற வைகாசியிற் கும்பாபிஷேகம்.

சென்னையில் எம்மை வரவேற்றவர் மனைவியின் தமையனார். அதே ஊரவர். அதே 1990இற் சிறுவனாக மாமனாருடன் படகேறியவர், பின்னர் ஒருமுறையேனும் ஊருக்குத் திரும்பியதில்லை. சைதாப்பேட்டையிற் குடியிருந்துகொண்டு பாரிமுனையிலுள்ள காகிதக் கடையொன்றிற் கணக்கு எழுதுகிறார். கும்பாபிஷேகத்துக்கு வரும்படி அழைத்தோம்.

“என்னத்துக்கு, மச்சான்? பழைய கோயிலும் இல்லை, பழைய கேணியும் இல்லை. புதுக்கோயில் பாக்கிறதெண்டால் இஞ்சை தெருவுக்கு ஒண்டு கிடக்குது” என்றார்.

அப்பேச்சை அவ்வளவில் நிறுத்தி, மாணவனின் கேள்வியைச் சொன்னோம். அதற்கு மாத்திரம் அவருடைய முகம் மலர்ந்தது. “நாளைக்கு எனக்கு லீவு. நடந்து பாப்பம்” என்றார்.

மறுநாட் காலையில் அவர் முதலிற் காட்டியது தமது வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், வாகன நெரிசலின் ஓரத்தில் நிற்கும் கல்லொன்றை. அடையாற்றின் மேல் முதன்முதல் இங்கே பாலங் கட்டியவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனிய வணிகர். ஆண்டு 1726. கும்பினியார் கட்டவேண்டிய பாலத்தைத் தமது சொந்தப் பணத்தாற் கட்டி, அதைப் பராமரிப்பதற்கும் முதல் வைத்துச் சென்றார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவருடைய உபயமே. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றி அவருடைய சொத்தைப் பறித்தபோதும் அவர்கள் பக்கம் சேர மறுத்துவிட்டார். 1751இல் இறந்த அவரை வேப்பேரியில் அடக்கஞ் செய்தார்கள். இருதயத்தை மாத்திரம், அவருடைய விருப்பப்படி, பேழையொன்றில் வைத்துப் பாரசீகத்திலுள்ள ஜுல்பா என்னும் பிறந்த ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். பழைய பாலம் இன்று இல்லை. அதனிடத்தில் மறைமலையடிகள் பெயராற் புதுப்பாலம் நிற்கிறது. தினமும் அக்கல்லைக் கடந்தே வேலைக்குப் போவதாக மைத்துனர் கூறினார். இருதயம் ஊர் திரும்பிய கதையை அவர் அன்றுதான் எம்மிடமிருந்து கேட்டார். கேட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மின்சார இரயிலிற் கோட்டை நிலையத்தில் இறங்கினோம். புனித ஜோர்ஜ் கோட்டைக்குள் இன்று தமிழ்நாட்டின் தலைமைச் செயலகமும் சட்டசபையும் இருப்பதை வாசகர் அறிவர். ஆனால் 1639இல் இவ்விடம் செம்படவர் குப்பத்தை அடுத்த வெறும் மணல். ஆங்கிலேயர் அதற்கு முன்னர் வடக்கே துர்க்கராஜபட்டினத்திற் சிறு கோட்டையொன்றை வைத்திருந்தனர். அவ்விடத்தை அவர்கள் ஆர்மகோன் என்று அழைத்தார்கள். தமக்கு உதவிய ஆறுமுக முதலியாரின் பெயரையே தமது நாக்குக்கு ஏற்றபடி அவ்வாறு ஆக்கிக்கொண்டார்களாம்! அங்கே வியாபாரம் சிறக்கவில்லை. மலிவான துணி வேண்டித் தெற்கே வந்த டே, தாமரல வேங்கடப்ப நாயக்கரிடம் இந்தக் கடற்கரைத் துண்டைப் பெற்றார். பூவிருந்தவல்லியிலிருந்த அய்யப்ப நாயக்கர் அவருடைய தம்பி. தமது தந்தையார் சென்னப்பரின் பெயரால் ஊர் விளங்கவேண்டுமென்பது சகோதரர்களின் விருப்பம். சென்னபட்டினம் என்னும் பெயர் அவ்வழி வந்தது.

மாணவன் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான். நாயக்கரின் மொழி தெலுங்கு. டேயின் மொழி ஆங்கிலம். நடுவே நின்றவர் பேரி திம்மப்பா. துபாஷி என்றாலே இரு பாஷை அறிந்தவர் என்பது பொருள். ஆனால் துபாஷியின் தொழில் மொழிபெயர்ப்போடு முடிவதன்று. நெசவாளருக்கு முற்பணம் கொடுப்பது, துணியைத் தரம் பார்த்து வாங்குவது, நாயக்கரின் அலுவலரைச் சமாளிப்பது, குடியேற வருவோருக்கு மனை ஒதுக்குவது, அனைத்துக்கும் அவர் வேண்டும். குப்பத்தின் தலைவனாகிய மதரேசன் தனது வாழைத் தோட்டத்தைக் கொடுக்க மறுத்தபோது, ஊருக்கு உன் பெயரையே வைக்கச் செய்கிறேன் என்று திம்மப்பா சமாதானம் சொன்னதாகவும், மதராசபட்டினம் என்னும் பெயர் அவ்வாறு உண்டானதாகவும் கர்ணபரம்பரைக் கதை ஒன்று உண்டு. மெய்யோ பொய்யோ, ஒரே ஊருக்குச் சென்னை, மதராசு என இரு பெயர்கள் இருந்ததற்கு இதைவிடச் சுவையான விளக்கத்தை நாம் கேட்டதில்லை. இரு பக்கத்தாரையும் மகிழ்விக்கத் தெரிந்தவரே நல்ல துபாஷி அல்லவா?

1640ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் தேதி டேயும் அவருக்கு மேலதிகாரியான அன்றூ கோகனும் கப்பலில் வந்து இறங்கினர். ஏறக்குறைய 25 ஐரோப்பியச் சிப்பாய்களும் தச்சர், கொல்லர் முதலிய சில தொழிலாளரும் உடன் வந்தனர். அக்கூட்டத்திலே நாகபட்டன் என்னும் வெடிமருந்து செய்பவரும் ஒருவர். பீரங்கி வெள்ளையருடையது, அதை வெடிக்கச் செய்த மருந்து நாகபட்டனுடையது. கோட்டை அரும்பொருட்சாலையிற் பீரங்கிகளைப் பார்த்தோம். ஆளுநர்களின் பெரும் எண்ணெய்ச் சித்திரங்களையும் பார்த்தோம். நாகபட்டனுக்குச் சித்திரம் இல்லை.

ஆளுநர்களின் சரித்திரம் தெரிந்ததுதான். எலிகு யேல் 1680ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் தேதி இக்கோட்டையின் புனித மரியாள் ஆலயத்திலே விதவையொருவரை மணந்தார். அங்கு நிகழ்ந்த முதல் திருமணம் அது. இங்கே சேர்த்த செல்வத்தில் ஒரு பங்கை 1718இல் அமெரிக்காவிலிருந்த சிறு கல்விச்சாலைக்கு அனுப்பி, ஒரு பல்கலைக்கழகத்தின் பெயராகிவிட்டார். தோமஸ் பிற் என்பவர் 410 கரட் எடையுள்ள வைரமொன்றை ஜாம்சந்த் என்னும் வியாபாரியிடம் வாங்கி, 1717இல் பிரான்சின் இராசப் பிரதிநிதிக்கு 135,000 பவுணுக்கு விற்றார். இவை பலரும் எழுதியவை. எமக்கோ இவ்விருவருக்கும் முந்திய சேர் எட்வேட் வின்டரின் நாடகமே சுவையாயிருந்தது.

வின்டர் கோட்டையின் தலைவராயிருந்தவர். கணக்கிற் சந்தேகங்கொண்ட கும்பினியார் 1665இல் ஜோர்ஜ் பொக்ஸ்கிரொப்ட் என்பவரைப் புதிய தலைவராக அனுப்பிவைத்தனர். பதவியிழந்த வின்டர், புதியவர் அரசரை இழித்துப் பேசிவிட்டாரென்று குற்றஞ்சாட்டி, சிப்பாய்களைத் தம்வசமாக்கி, ஆயுதத்தோடு அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்துவிட்டார்! அக்கலகத்தில் ஓர் ஆங்கிலேயர் உயிரிழந்தார். பின்னர் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வின்டரே கோட்டையை ஆண்டார். செய்தி இலண்டனுக்குப் போய், மறுமொழி கப்பலில் வந்துசேரும்வரை அடுத்த அறையிலிருந்தவர் கைதியாகவே இருந்தார். 1668இல், தமக்குத் தண்டனையில்லை என்று உறுதி வாங்கிக்கொண்ட பின்னரே வின்டர் கோட்டையை ஒப்படைத்தார். தபால் தாமதத்தால் ஓர் அரசாங்கமே நடந்த கதை இது.

கோட்டையைவிட்டு வடக்கே நடந்து உயர் நீதிமன்றத்தின் முன் வந்தோம். 1892இல் திறக்கப்பட்ட செந்நிறக் கட்டடம்; குவிமாடங்களும் கோபுரங்களுமாக ஒரு மாளிகையே போலும். மைத்துனர் மதிலோரத்தில் நின்று, “இஞ்சைதான்” என்றார்.

இங்கேதான் பழைய கறுப்பர் பட்டினம் இருந்தது. கோட்டையில் வெள்ளையரும் அதன் வடபுறத்தில் நெசவாளரும் வணிகரும் வாழ்ந்தனர். அவ்வூரின் நடுவே சென்னகேசவப் பெருமாள் கோயில் நின்றது. நாகபட்டன் அக்கோயிலுக்குச் செய்த கொடையை 1646ஆம் ஆண்டுச் சாசனம் கூறுகிறது. திம்மப்பாவின் பெயரும் அக்கோயிலின் தொடக்கத்தோடு சேர்ந்தே வருகிறது. ஊர் பிறந்து ஏழு ஆண்டு செல்லுமுன்னரே வெடிமருந்துக்காரரும் துபாஷியும் அதற்கு ஒரு தெய்வத்தைக் குடிவைத்துவிட்டனர். அதைப் பெரிய கோயில் என்றும் பட்டணங் கோயில் என்றும் வழங்கினர்.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது கறுப்பர் பட்டினத்தின் ஒரு பகுதியை இடித்தனர். கோட்டைச் சுவரருகே வீடுகள் இருந்தால் பகைவன் அவற்றில் மறைந்து சுடுவான் என்பது போர்க்கணக்கு. ஊரை மீளப்பெற்ற ஆங்கிலேயரும் அதே கணக்கைப் போட்டு, மிஞ்சியதை இடித்து வெளியாக்கினர். 1757இற் கோயிலும் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் மதில் வேலைக்குப் போயின. தமக்கு மருந்து செய்து கொடுத்தவர் தானம் வழங்கிய கோயில் அது என்பது அப்போது எவருக்கும் நினைவு வந்திராது. ஆங்கிலேயர் தமது மயானத்தையும் அவ்வாறே வெளியாக்கினர் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். யேல் தமது இளம் மகனை அடக்கஞ் செய்த சமாதி ஒன்றும் வேறொன்றுமே அங்கு எஞ்சி நிற்கின்றன.

இந்தக் கறுப்பர் பட்டினத்திலேதான் காசி வீரண்ணா வாழ்ந்தார். திம்மப்பாவுக்குப் பின் கும்பினியாரின் தலைமை வணிகராக விளங்கியவர். இவர் சொன்ன விலைக்கே துணி. இவர் கைகாட்டிய நெசவாளருக்கே முற்பணம். 1680இல் அவர் இறந்தபோது கோட்டையிலிருந்து 30 முறை பீரங்கி முழங்கியது. அவருடைய மனைவியருள் ஒருவர் உடன்கட்டை ஏற முற்பட்டார். ஆளுநர் ஸ்ரெயின்ஷம் மாஸ்ரர் அதை அனுமதிக்கவில்லை. சதியைச் சட்டத்தால் தடுத்தது 1829இல் என்றே நாம் படிப்பிக்கிறோம். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் இக்கடற்கரையில் ஒரு பெண் உயிர் தப்பியிருக்கிறாள். அவளுடைய பெயரையாவது எழுதிவைத்திருக்கலாம்.

நீதிமன்றத்துக்கு எதிரே வடக்கு நோக்கிப் பிரியும் தெருவொன்றுக்கு அரண்மனைக்காரன் தெரு என்று பெயர். அரண்மனை எங்கே என்று கேட்டோம். மைத்துனர் சிரித்தார். ஆர்மேனியன் தெரு என்பதைத் தமிழர் வாய் அரண்மனைக்காரன் ஆக்கிவிட்டது! ஆறுமுகம் ஆர்மகோன் ஆனதற்கு இது பதிலடி போலும். இதனையும் வென்ற பெயர் ஒன்று சென்னையிலே உண்டு: ஹமில்டன் பாலத்தைச் சனங்கள் அம்பட்டன் வாராவதி என்றார்கள், அப்பெயரைக் கேட்ட ஆங்கிலேயர், அதற்கு நாவிதர் பாலம் என்று தமது மொழியிற் பொருள் செய்து வழங்கினார்கள்!

1772இற் கட்டப்பட்ட ஆர்மேனிய ஆலயத்தின் முற்றத்திலே, தரையிற் பதித்த கல்லறைகளின் நடுவே, ஹருத்யுன் ஷ்மாவோனியன் என்னும் பாதிரியாரின் கல்லறை இருக்கிறது. புதல்வர் இருவரை இழந்த துயரோடு பாரசீகத்திலிருந்து வந்து, இங்கே அச்சுக்கூடம் அமைத்து, 1794ஆம் ஆண்டு ‘அஸ்தரார்’ என்னும் பத்திரிகையை வெளியிட்டவர். உலகிலே ஆர்மேனிய மொழியில் முதன்முதல் வெளிவந்த பத்திரிகை இதுவே. அது பிறந்தது ஆர்மேனியாவிலன்று. இந்தச் சந்தடி மிகுந்த சென்னையிலே. இரண்டு ஆண்டளவில் அது நின்றுவிட்டது. பிறந்த மண்ணுக்கு வெளியே மொழியை அச்சேற்றியவரின் கல்லறைமுன் எமக்கு ஆறுமுக நாவலரின் எண்ணம் வந்தது இயல்பே. நாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை இருந்த தங்கசாலைத் தெரு இங்கிருந்து நடைதூரம். நல்லூரிலே பிறந்த ஏடுகள் எத்தனை இந்த நகரத்திலே அச்சேறிக் கப்பலில் யாழ்ப்பாணம் திரும்பின!

அடுத்த பெருந்தெரு பிரகாசம் சாலை. முன்னர் பொப்பம் பிராட்வே. இதன் இருபுறத்தாரும் ஒருகாலத்தில் ஒருவர் தெருவில் மற்றவர் ஊர்வலம் போகப் பொறுக்கமாட்டார்கள். கிழக்கே முத்தியாலுப்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. திருட்டுப் போனால் அதை மீட்கவேண்டும், மீட்காவிடில் தானே ஈடுசெய்யவேண்டும் என்ற நிபந்தனையோடு ஊர்க்காவல் புரிந்த பெத்தநாயக்கனின் பெயர் பின்னையதில் நிலைத்திருக்கிறது. 1707இல் ஒரு கலியாண ஊர்வலத்தால் வலங்கை இடங்கைச் சண்டை மூண்டது. வலங்கையாரிற் பலர் ஊரையே விட்டுச் சாந்தோமுக்குப் பெயர்ந்தனர். வைரம் வாங்கிய அதே தோமஸ் பிற், இரு பகுதியாருக்கும் வேறு வேறு பேட்டை வகுத்து எல்லைக்கல் நாட்டி ஒருவாறு அடக்கினார். இரு பேட்டைக்கும் இடையே கிடந்த பள்ளத்தை வாங்கித் தூர்த்து இத்தெருவைப் போட்டவர் ஸ்ரீபன் பொப்பம் என்னும் வழக்கறிஞர். சென்னைக்கு முறையான பொலிஸ் வேண்டுமென்று 1782இல் திட்டம் வகுத்தவரும் அவரே. ஓயாமல் யோசனை கூறி அரசாங்கத்தாரை அலுக்கவைத்த அம்மனிதர் 1795இல் வண்டியிலிருந்து விழுந்து இறந்தார். இப்போது அப்பள்ளத்தின்மேல் பஸ்களும் கைவண்டிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகின்றன.

வெயில் ஏறிவிட்டது. பூக்கடைப் பக்கமாகத் தேவராஜ முதலித் தெருவுக்குள் மைத்துனர் எம்மை அழைத்துச் சென்றார். கண்ணாடி வளையலும் சுவாமிப் படச் சட்டங்களும் குவிந்த கடைகளின் நடுவே ஒரு கோபுரம் தெரிந்தது, அடுத்தாற்போல இன்னொன்று. சென்னகேசவப் பெருமாளும் சென்ன மல்லீசுவரரும் அருகருகே எழுந்தருளியிருக்கிறார்கள். கோயிலை இடித்தபின் ஊரார் அடங்கியிருக்கவில்லை. கும்பினியார் 1762இல் இந்த இடத்தைக் கொடுத்தனர். ஆளுநர் பிகட்டுக்குத் துபாஷியாயிருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று பெரும்பொருள் வழங்க, ஊராரும் பணஞ் சேர்த்தார்கள். பழைய பட்டணங் கோயிலுக்காகவே இவ்விரு கோயில்களும் எழுந்தன. கட்டுவித்தவர் மீண்டும் ஒரு துபாஷி என்பதை மாணவனுக்குச் சொல்லக் குறித்துக்கொண்டோம்.

வாசலிற் பூ விற்றுக்கொண்டிருந்த மூதாட்டியாரிடம் துளசி மாலை வாங்கினோம். “ஏம்மா, பழைய பட்டணங் கோயில் எங்கே இருந்தது?” என்று, தெரியாதவர்போற் கேட்டுப்பார்த்தோம்.

அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார். “பழசு என்னங்க, புதுசு என்னங்க? இதான் பட்டணங் கோயிலு. பெருமாளு உள்ளாற இருக்காரு. நட சாத்தப் போறாங்க, சீக்கிரம் போங்க.”

உள்ளே சென்றோம். கூட்டமில்லை. தீபாராதனை முடிந்து பட்டர் தீர்த்தங் கொடுத்தார், சடாரி வைத்தார். மைத்துனர் பிரகாரத்தின் தூணொன்றைக் கையாற் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றார். அவரை அழைக்காமல் நாமும் நின்றோம்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, “குருக்கள் ஐயா கொண்டுபோன பிள்ளையார் தானே, மச்சான், இப்பவும்?” என்று கேட்டார்.

“அவர்தான். முப்பது வருஷத்துக்கு மேலாய் எத்தினை கொட்டிலிலை இருந்திட்டார். வைகாசியிலை வீட்டுக்குப் போறார்.”

“வைகாசியிலை எத்தினையாந் தேதி?”

சொன்னோம். துளசி சுற்றிவந்த கடதாசித் துண்டை நிமிர்த்தி, சட்டைப் பையிலிருந்த கணக்குப் பேனையால் அதை எழுதிக்கொண்டார்.